காசில்தாவின் கையெழுத்து

ஒருவர் சம்மதித்துவிட்டார் என்று எப்போது சொல்லலாம்? அவர் வாய் திறந்து சொன்னபோதா, கேட்டவர் அதைப் புரிந்துகொண்டபோதா, யாரோ ஒருவர் அதைக் காகிதத்தில் எழுதி முடித்தபோதா? எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு இந்த மூன்றும் ஒன்றாகவே தோன்றும். அதனால் அவர்கள் இதை ஒரு கேள்வியாகவே எடுத்துக்கொள்வதில்லை. ஸ்பெயின் நாட்டின் வால்தெசார்சா ஊரில் தையல் வேலை செய்து பிழைத்துவந்த காசில்தாவுக்கு, அவளுடைய ஐம்பத்து நான்காவது வயதில், இந்த மூன்றும் தனித்தனியாகப் பிரிந்து நின்றன. இடையில் மாட்டிக்கொண்டது அவள் குடியிருந்த வீடு.

காசில்தா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நெஞ்சுச் சளியோடு பதினோரு வருடம் படுத்திருந்த அப்பாவைப் பார்த்துக்கொண்டாள். தம்பி வெனான்சியோ பத்தொன்பது வயதில் பார்சலோனாவுக்கு ரயிலேறியபோது அவனுடைய சட்டைப் பொத்தான்களை எல்லாம் இரட்டை நூலால் மறுபடி தைத்துக் கொடுத்தாள். அப்பா போன பிறகு வீடு இருவர் பேருக்கும் சரிபாதியாக வந்தது. அவளைப் பற்றி ஊரில் நல்லதாக அதிகம் யாரும் சொன்னதில்லை, கெட்டதாகவும் சொன்னதில்லை. கரி விஷயத்தில் கருமி. கோபம் வந்தால் ஆறாது. கனல் தட்டில் ஆரஞ்சுத் தோலைப் போட்டதற்காகப் பக்கத்து வீட்டு செவேராவோடு நாலு வருடம் பேசாமல் இருந்தவள். அந்த நாலு வருடமும் செவேரா அவளுடைய மேசைக்கு வந்து உட்கார்ந்துகொண்டுதான் இருந்தாள் என்பது வேறு விஷயம்.

அந்த மேசை அவளுடைய அம்மாவின் அம்மா சீதனமாகக் கொண்டுவந்தது. வட்டமான பலகை, நாலு கால், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் கால்களை இணைக்கும் மரவளையம். வளையத்தின் நடுவில் ஓட்டை. குளிர்காலத்தில் பித்தளைத் தட்டில் கனலை நிரப்பி அந்த ஓட்டையில் இறக்கி வைப்பார்கள். மேசைமேல் தரை வரை தொங்கும் கனத்த கம்பளித் துணியைப் போடுவார்கள். அதற்குப் பாவாடை என்று பேர். சுற்றி உட்காருகிறவர்கள் பாவாடையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டால் இடுப்புக்குக் கீழே சூடு, மேலே பழைய குளிர். "முன்னால ஆகஸ்டு, முதுகுல ஜனவரி" என்பாள் தினமும் அங்கே வந்து உட்காரும் தோழி ஒப்தூலியா. கல் தரையும் கல் சுவருமான அந்த வீட்டில் சூடு இருந்த இடம் அது ஒன்றுதான். அதனால் தைப்பது, பாதாம் உரிப்பது, ஜெபமாலை சொல்வது, ஊர்வம்பு எல்லாமே அங்கேதான் நடந்தன. தட்டுக்கு மிக நெருக்கமாகக் கால் வைத்து வைத்து எல்லாப் பெண்களின் கணுக்காலுக்கு மேலும் சிவப்புத் திட்டுகள் விழுந்திருக்கும். அவற்றை ஆடுகள் என்பார்கள். "என் கால்ல ஒரு மந்தையே மேயுதடி" என்று பெருமையடித்துக்கொள்வதும் உண்டு.

காசில்தாவுக்கு ஒரு விஷயத்தில் பேர் இருந்தது. அவள் மேசையில் உட்கார்ந்து யாருக்கும் கரிமூட்டத்தால் தலைவலி வந்ததில்லை. மதியம் மூன்று மணிக்குத் தெருவாசலில் சுள்ளிக்கரியைத் தட்டில் குவித்து, தகரக் குழலைக் கவிழ்த்து, புல்விசிறியால் வீசுவாள். நீலச் சுடர் முழுக்க அடங்கி மேலே நீறு பூக்கும்வரை, வானமே இடிந்து விழுந்தாலும் உள்ளே கொண்டுபோக மாட்டாள். உள்ளே போன பிறகு, கனல் மங்கும்போது, ஒரு சின்னப் பித்தளைக் கரண்டியால் சாம்பலை ஓரமாக வளைத்து ஒதுக்கி, அடியிலிருக்கும் சிவப்பை மேலே கொண்டுவர வேண்டும். சாம்பலில் கரண்டி போட்டுவிட்டுப் போகும் வளைவும் சுழியும் பார்ப்பதற்கு ஒரு பெரிய மனிதர் பத்திரத்தின் அடியில் கிறுக்கியது போலிருக்கும். அதனால் அந்தப் பக்கத்தில் அதைக் கையெழுத்துப் போடுவது என்றே சொல்வார்கள். "குளிருது, ஒரு கையெழுத்துப் போடு" என்றால் யாரும் பேனாவைத் தேட மாட்டார்கள்.

அந்த ஊரில் பிறந்த யாரும் தேட மாட்டார்கள் என்று சொல்ல வேண்டும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றாம் ஆண்டு செப்டம்பரில் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த நியேவெஸ் டீச்சர் லா பால்மா தீவுக்காரி. அங்கே ஜனவரியிலும் ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்குவார்கள். இருபத்தாறு வயது, தப்பில்லாமல் எழுதுவதில் கர்வம். அவள் வந்த நேரத்தில் கனல் தட்டுகள் எல்லாம் பரணில் கிடந்தன. நவம்பர் முதல் தேதி வரும் சகல புனிதர் திருநாளுக்கு முன் அவற்றை யாரும் கீழே இறக்குவதில்லை. காசில்தாவின் மேசையை அவள் மெல்லிய கோடைத் துணியோடுதான் பார்த்திருந்தாள். அவள் கண்ணுக்கு அது வெறும் மேசை.

ஊரில் கடிதம் படித்துச் சொல்லிவந்த கோயில்பிள்ளைக்குக் கண்புரை விழுந்துவிட்டது. அதனால் அக்டோபர் மத்தியில் வெனான்சியோவின் கடிதம் டீச்சரிடம் வந்தது. நியேவெஸ் படித்தாள். தாங்கள் வாடகைக்கு இருக்கும் அறை ஓதம் ஊறியது, சின்னவனுக்கு இருமல் நிற்கவில்லை. நாலாவது மாடியில் ஒரு வீடு விலைக்கு வருகிறது, ஒவ்வொரு அறையிலும் வெந்நீர்க் குழாய் ஓடிச் சுவரோரமாகச் சூடு கொடுக்குமாம். ஊரில் கேஸ் சிலிண்டர் வியாபாரம் தொடங்கியிருப்பவர் நம் வீட்டை வாங்கிக்கொள்கிறேன் என்கிறார். நீ சம்மதித்தால் விற்றுவிட்டு எங்களோடு வந்து இரு. அடுப்பு மூட்ட வேண்டாம், கரி சுமக்க வேண்டாம்.

காசில்தா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டாள். முடிந்ததும் சொன்னாள்:

"எழுதுங்க டீச்சரம்மா. தம்பி, கடுதாசி வந்துச்சு. சகல புனிதர் திருநாளுக்கு நேர்ல வா. நீ வந்தா நான் ஒரு கையெழுத்துப் போடுறேன், எல்லாம் பேசி முடிச்சிரலாம்."

நியேவெஸ் பேனாவை நிறுத்தினாள். "நிஜமாவே போடப்போறீங்களா?"

"போடாம? என் தம்பியைக் குளிர்ல உட்கார வைக்கச் சொல்றீங்களா?"

ஓதம் ஊறிய அறையும் இருமும் பிள்ளையும் டீச்சரின் மனத்தில் இருந்தன. எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்தாள். ஆனால் சொன்ன வாக்கியம் அவளுக்கு மொட்டையாகப் பட்டது. எதில் கையெழுத்து என்று இல்லையே. பேச்சு வழக்கைச் சீர்செய்து, "நீ வந்ததும் வீட்டை விற்கும் பத்திரத்தில் கையெழுத்திடுகிறேன், அனைத்தும் நல்லபடி முடியும்" என்று முத்து முத்தாக எழுதினாள்.

"படிச்சுக் காட்டட்டுமா?"

"எதுக்கு? நான் சொன்னது எனக்குத் தெரியாதா?"

உறை ஒட்டப்பட்டது. கடிதம் போனது.

சகல புனிதர் திருநாளன்று கல்லறைத் தோட்டத்துக்குப் போய்வந்த கையோடு காசில்தா பரணிலிருந்து தட்டை இறக்கிச் சாம்பலும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்தாள். அந்த வருடத்தின் முதல் கனல் என்பதால் ஒப்தூலியாவும் செவேராவும் ஆளுக்கொரு தகர டப்பா சுள்ளிக்கரியோடு நேரத்திலேயே வந்துவிட்டார்கள். அந்த மேசையில் இடம் வேண்டுமென்றால் கரி கொண்டுவர வேண்டும். டீச்சர் விருந்தாளி என்பதால் வெறுங்கையோடு வந்தாள். பாவாடையைத் தூக்கி மடியில் போட்டுக்கொள்ளச் சொன்னபோது கூச்சப்பட்டாள்.

"தூக்குங்க டீச்சர், உள்ள ஆம்பளை யாரும் இல்ல" என்றாள் ஒப்தூலியா.

கால் சூடானதும் நியேவெஸின் முகத்தில் வந்த மாற்றத்தைப் பார்த்து மூவரும் சிரித்தார்கள்.

நாலு மணி பஸ்ஸில் வெனான்சியோ வந்து இறங்கினான். கையில் பெட்டி, கக்கத்தில் ஒரு தோல் பை. உள்ளே வந்தவன் யாரையும் பார்க்கவில்லை. அக்காவின் இரண்டு தோளையும் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி முகத்தையே பார்த்தான்.

"என்ன சொன்னாரு டாக்டர்?"

"எந்த டாக்டர்?"

"மறைக்காதக்கா. நான் தெரிஞ்சுக்கத்தான் வந்தேன்."

"பயணத்துல உனக்குத் தலை சுத்துது. உட்காரு. பாவாடைய விலக்கிட்டு காற்றை உள்ள விடாத."

அவன் உட்கார்ந்தான். செவேரா அவனுக்குப் பன்றிக்கொழுப்பில் சுட்ட பிஸ்கோத்தும் சூடான சிக்கரிக் காப்பியும் நகர்த்தினாள். அவன் தொடவில்லை. தோல் பையிலிருந்து ஒரு மருந்துப் புட்டியை எடுத்து மேசைமேல் வைத்தான். அதன் பிறகு, தயங்கித் தயங்கி, தட்டச்சு செய்த காகிதம் ஒன்றையும் வைத்தான்.

"உன் கடுதாசிய வாசிச்சு நானும் பொண்டாட்டியும் ராத்திரி முழுக்கத் தூங்கல. சரி. நீ முடிவு பண்ணிட்ட. போட்டுடுக்கா."

"கையெழுத்துதானே? வந்த உடனே கேட்கிறான் பாரு, பச்சப்பிள்ளை மாதிரி" என்று காசில்தா குனிந்தாள். பாவாடைக்குள் கரண்டி சாம்பலை ஒதுக்கும் சத்தம் கேட்டது. சூடு எழும்பி எல்லார் முழங்காலிலும் ஏறியது. "ஆச்சு. இப்ப காப்பியக் குடி."

வெனான்சியோ அந்த ஊரில் பிறந்தவன். அவனுக்குச் சிரிப்பு வந்தது; அக்கா விளையாடுகிறாள், அழுகையை மறைக்கிறாள் என்று நினைத்தான். "இது போட்டாச்சு. அதையும் போட்டுடு" என்று காகிதத்தை நகர்த்தினான்.

"எதை?"

"பத்திரத்தை. வீட்டை விக்கிற பத்திரம்."

ஒப்தூலியா உரித்துக்கொண்டிருந்த பாதாமைக் கிண்ணத்தில் போட்டாள். "அடியே காசில்தா! வீட்டை விக்கிறியா? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லல? இந்தப் பிறவியில எனக்கு எஞ்சியிருக்கிறது இந்த ஒரு நாற்காலிதான்டி!"

"நான் எதையும் விக்கல" என்றாள் காசில்தா. குரல் உயரவில்லை. "எவன் சொன்னான் விக்கிறேன்னு?"

"நீதான் சொன்ன." வெனான்சியோ சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்தான். எடுத்தெடுத்துப் படித்ததில் மடிப்பு கிழிந்திருந்தது. காசில்தா அதை வாங்கி, எழுதியவளிடமே நீட்டினாள். "படிங்க டீச்சரம்மா. நான் சொன்னதைப் படிங்க."

தன் எழுத்தைத் தானே உரக்கப் படிப்பது எவ்வளவு கொடுமை என்று நியேவெஸுக்கு அன்றுவரை தெரியாது. "வீட்டை விற்கும்" வரை வந்தாள். "பத்திரத்தில்" என்ற இடத்தில் நிறுத்திவிட்டாள்.

"அந்த வார்த்தைய நான் சொன்னேனா?"

"இல்ல... நீங்க கையெழுத்துப் போடுறேன்னு சொன்னீங்க... எதுலன்னு சொல்லல... அதனால நான்..."

காசில்தா பாவாடைக்குள் கையை விட்டு, சாம்பல் ஒட்டிய பித்தளைக் கரண்டியை எடுத்து டீச்சரின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"இதுல."

நியேவெஸ் கரண்டியைப் பார்த்தாள், மேசையின் அடியைப் பார்த்தாள், ஒப்தூலியாவின் முகத்தைப் பார்த்தாள். புரிந்தது. முதலில் சிரித்தவள் செவேரா. ஒப்தூலியா சிரித்த சிரிப்பில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. "தீவுல இதெல்லாம் கிடையாதா டீச்சர்? அப்ப அங்க எதைக் கிளறுவீங்க? கடல் தண்ணியவா?"

நியேவெஸ் சிரிக்கவில்லை. ஒரு கிழவியின் கூரையை என் நல்ல மொழிநடையால் பிடுங்கிப் போட்டேனே என்று கடிதத்தை மடித்துக் கவிழ்த்து வைத்தாள். வெனான்சியோவும் சிரிக்கவில்லை. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தான்; தோள் குலுங்கியது. அழுகிறான் என்று எல்லாரும் அடங்கினார்கள்.

"அப்ப உனக்குச் சீக்கு ஒண்ணும் இல்லையே?" என்று விரலுக்கு நடுவிலிருந்து கேட்டான்.

"எனக்கென்ன சீக்கு?"

"இருபத்தேழு வருஷமா ஒரு வாளியக்கூட இடம் மாத்த விடாதவ, வீட்டை விக்கச் சரின்னு சொன்னா நான் என்ன நினைக்கிறது? சாகப்போறா, அதைச் சொல்லாம எழுதுறான்னு நினைச்சேன். என் பொண்டாட்டி துக்கத்துக்குக் கறுப்புத் துணி எடுத்து வைக்கவான்னு கேட்டா." கையை எடுத்தான். கண் ஈரமாக இருந்தாலும் முகம் பத்து வயது குறைந்திருந்தது. "கடவுளே, நல்லா இருக்க. எப்பவும் போல முரட்டுக் கழுதையா இருக்க."

"கறுப்புத் துணிய வீணாக்க வேண்டாம்னு சொல்லு. யாருக்காவது ஆகும்" என்றாள் காசில்தா.

அதன் பிறகுதான் அவன் காப்பியைக் குடித்தான். இரண்டு பிஸ்கோத்தும் தின்றான். வீடு தப்பியது என்று ஒப்தூலியா சிலுவை போட்டுக்கொண்டாள். ஆனால் காசில்தா பேச்சை அங்கே விடவில்லை.

"வீட்டைக் குடுக்க மாட்டேன். அதை உன் மூஞ்சியப் பார்த்துச் சொல்லணும்னுதான் வரச் சொன்னேன். கடுதாசில எழுதினா மாட்டேங்கிறது மட்டும்தான் போய்ச் சேரும். சின்னவனுக்கு இருமல் எப்படி?"

"விடல."

"மாடி வீடு கைவிட்டுப் போயிருமா?"

"ஈஸ்டர் வரை காத்திருப்பாங்க."

அவள் தையலின் நூலைக் கடித்து அறுத்தாள். "சிலிண்டர்காரனுக்கு என் சமையலறை எதுக்கு? அவனுக்கு வண்டி வர்ற வாசலும், பூட்டிவைக்க ஒரு கூரையும் போதும். பின்பக்கம் கழுதைக்கொட்டில் இருக்கு, முற்றம் இருக்கு, பின்தெருவுக்குக் கதவு இருக்கு. கழுதை செத்து ஒன்பது வருஷமாச்சு. அதைப் பிரிச்சு வித்து நீயே எடுத்துக்க. முன்வீடு என் உயிர் இருக்கிறவரை அப்படியே கிடக்கட்டும்."

"கொட்டில்ல உன் பாதியும் இருக்கே."

"கழுதையும் பாதி என்னோடதுதான். உதைச்சது முழுக்க என்னை."

"பின்னால கேஸ், முன்னால கனலு" என்றாள் ஒப்தூலியா. "ஒரு நாள் நாம எல்லாரும் மேசையோட சேர்ந்து நேரா மோட்சத்துக்குப் போவோம்."

"அந்த முற்றம் எம்பது அடி தள்ளி இருக்கு. நீ போறதுன்னா ஆரஞ்சுத் தோல்லதான் போவ" என்றாள் காசில்தா. செவேரா தலையைக் குனிந்துகொண்டாள்.

வெனான்சியோ பத்திரத்தைத் திருப்பி, அதன் பின்பக்கத்தில் கொட்டிலின் அளவைக் குறித்துக்கொண்டான். எண்ணிப் பார்த்தால் அவன் கேட்டதில் பாதிதான் கிடைத்தது. ஆனாலும் மறுநாள் பஸ்ஸில் ஏறும்போது, வந்தபோது இருந்ததைவிட லேசாக இருந்தான்.

நியேவெஸுக்குத்தான் அந்த மாலை முடியவில்லை. மற்றவர்கள் எழுந்து போன பிறகும் கதவோரம் நின்றாள். நாலு வருடம் பேசாத கதையை அவளும் கேட்டிருந்தாள். ஆரஞ்சுத் தோலுக்கு நாலு வருடம் என்றால் ஒரு வீட்டுக்கு எத்தனை வருடம் என்று மனத்துக்குள் கணக்குப் போட்டாள்.

"என்னை மன்னிச்சிருங்க" என்றாள்.

காசில்தா தட்டின் மேல் சாம்பலை மூடிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "நாளைக்கு வரும்போது ஒரு டப்பா கரி கொண்டாங்க டீச்சரம்மா. சுள்ளிக்கரியா பார்த்து வாங்குங்க. ஈரமா இருந்தா திருப்பி அனுப்பிருவேன்."

படி இறங்கும்போது நியேவெஸ் அழுதாள். வருத்தத்தில் அல்ல.

அந்தக் குளிர்காலம் முழுவதும் அவள் கரி டப்பாவோடு போனாள். டிசம்பருக்குள் அவள் காலிலும் இரண்டு ஆடுகள் வந்துவிட்டன. பிராயச்சித்தமாகத் தோன்றியதோ என்னவோ, காசில்தாவுக்கு எழுதக் கற்றுத்தருகிறேன் என்றாள். காசில்தா மறுக்கவில்லை, ஆவலும் காட்டவில்லை. சாம்பலில் கரண்டியால் எழுதிப் பழகினாள் என்று பின்னால் ஊரில் அழகாகக் கதை கட்டினார்கள். அப்படி இல்லை. சாம்பலை வீணாகக் கலைத்தால் கனல் சீக்கிரம் தீர்ந்துவிடும். அதற்கு அவள் விடமாட்டாள். பழைய நோட்டில், பென்சிலால், நாக்கைக் கடித்துக்கொண்டுதான் கற்றாள். பெரிய கெட்டிக்காரி என்று சொல்ல முடியாது. பிப்ரவரி பிறந்தபோது தன் பேரையும் குடும்பப் பேரையும் காகிதத்திலிருந்து பென்சிலை எடுக்காமல் எழுத முடிந்தது. எழுதியதைத் தைத்த ஓரத்தைப் பார்ப்பது போலத் தள்ளிப் பிடித்துப் பார்ப்பாள். "கோணல் இல்ல" என்பாள்.

பிப்ரவரி கடைசியில் கொட்டிலைப் பிரித்து விற்கும் பத்திரம் தயாரானது. பக்கத்து நகரத்தில் இருந்த நோட்டரி அலுவலகத்துக்குக் காசில்தாவும், சாட்சிக்காக நியேவெஸும் ஒப்தூலியாவும் போனார்கள். வெனான்சியோ முன்தினமே வந்து காத்திருந்தான். நோட்டரி பத்திரத்தை முழுதாகப் படித்தார். காசில்தா ஒவ்வொரு வரிக்கும் தலையசைத்தாள். முன்வீடு அவள் ஆயுள்வரை அவளுக்கே என்ற வரியை மட்டும் இரண்டாவது முறை படிக்கச் சொன்னாள். தம்பி தன் பேரை எழுதினான். குமாஸ்தா பேனாவை அவளிடம் நீட்டினார்.

"கையெழுத்துப் போடத் தெரியுமாம்மா? இல்ல கைநாட்டா?"

நியேவெஸ் பெருமையோடு வாய் திறக்கப் போனாள்.

"தெரியாது" என்றாள் காசில்தா.

கட்டைவிரலை மையில் அழுத்தி, காட்டிய இடத்தில் உருட்டினாள். அப்படியானால் இந்த அம்மாவின் சார்பில் ஒருவர் கையெழுத்திட வேண்டும் என்றார் நோட்டரி. ஒப்தூலியா எழுந்தாள், அவளுக்கும் பேர் எழுதத் தெரியும். காசில்தா அவளை உட்காரச் சொல்லிக் கைகாட்டினாள்.

"எனக்காக டீச்சரம்மா போடுவாங்க."

நியேவெஸ் அவள் முகத்தைப் பார்த்தாள். அங்கே எதுவும் எழுதியிருக்கவில்லை. பேனாவை வாங்கி, விரல்ரேகைக்குக் கீழே, முன்பு ஒருமுறை அவளுக்காக எழுதியதைவிட மெதுவாக, தன் பேரை எழுதினாள்.

திரும்பும் பஸ்ஸில் ஒப்தூலியா ஊர் எல்லை வரும்வரை ஏன், ஏன் என்று துளைத்தெடுத்தாள். நியேவெஸும் ஒருமுறை கேட்டாள். காசில்தா கைக்குட்டையில் எச்சில் தொட்டு விரலின் மையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அதற்குப் பின் பத்தொன்பது வருடம் இருந்தாள். சொல்லவில்லை.